கீழே ஓடும் எழுத்து

ஜனவரி 9

அன்புத் தம்பி மொட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உன் இருமல் நின்றதா, போர்வை போதுகிறதா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

போன சனிக்கிழமை மூன்றாவது பாட்டுக்குக் கீழே உன் பெயர் ஓடியதே, பார்த்தாயா? "உங்க அக்கா டிவியில என்ன வேலை பாக்குறாங்க" என்று ஹாலில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சொல்லிவிடு: பாட்டைப் போடுவது நான் இல்லை. சிரித்துச் சிரித்துப் பேசுவதும் நான் இல்லை, அது தொகுப்பாளினி பளபளா. பாட்டு வீடியோவுக்குக் கீழே எழுத்து ஓடுகிறதே, அந்த ஸ்க்ரோலிங்தான் உங்கள் அக்கா. நேயர்கள் போனில் அனுப்பும் செய்திகளைப் படித்து, கெட்ட வார்த்தையைக் களைந்து, நல்லதாக ஒன்றைப் பொறுக்கி பட்டனைத் தட்டுவேன். ஓடிப் போய்விடும். நிகழ்ச்சி தொடங்கும்போது ஒருத்தரும் எதுவும் அனுப்ப மாட்டார்கள். வரி காலியாக ஓடினால் அசிங்கம் என்று நாங்களே நாலைந்து எழுதிவிடுவோம். "அன்பு மனைவிக்கு இந்தப் பாட்டு" என்று கல்யாணமே ஆகாத நான் எத்தனை பொண்டாட்டிகளுக்கு எழுதியிருக்கிறேன் தெரியுமா! இதை மட்டும் ஹாலில் சொல்லிவைக்காதே, என் மானம் போகும்.

ஆபீஸில் புது மேலதிகாரி வந்திருக்கிறார். கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டோம். உட்காரவே மாட்டேன் என்கிறார். கையில் போனோடு மேசை மேசையாக நடக்கிறார். "இப்ப யாருங்க டிவி பாக்குறா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு உங்கள் ஹால் ஞாபகம் வந்தது.

கடிதத்தை வழக்கம்போல் ஆபீஸ் முகவரிக்கே போடு. வீட்டுப் பக்கம் தபால் ஒழுங்காக வருவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பிரித்துப் படிக்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, பத்திரமாக வந்தது. இருமல் போய்விட்டது. போர்வை போதாது, ஆனால் ஒருத்தருக்கும் போதாது என்பதால் பழகிவிட்டது.

பார்க்காமல் இருப்பேனா? எங்கள் டிவி உயரத்தில் கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. எங்களைவிட அதற்குக் காவல் அதிகம். ரிமோட் ஜெயில் வார்டர் பையில். சனிக்கிழமை உன் நேரம் வந்தால் மட்டும் அவரே பாட்டுக்கு மாற்றிவிடுவார். நம்ப மாட்டாய், ஆடுகிற பெண்களை ஒருத்தரும் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் கண் கீழேதான். பக்கத்துப் படுக்கைத் தையல்காரருக்குத் தூரத்துப் பார்வை கிடையாது. அதனால் நான்தான் சத்தமாகப் படிப்பேன்.

"மொட்டைக்கு: கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு. இப்படிக்கு அம்மா." இதையும் சத்தமாகத்தான் படித்தேன். ஹாலே சிரித்தது. "கண்ணுவாம்டா!" இப்போது சாப்பாட்டு வரிசையில் வார்டர்கூட "கண்ணு, தள்ளி நில்லு" என்கிறார். எனக்குக் கோபமே வரவில்லை, அக்கா.

வேனை ஓட்டிப்போய் ஒரு மனுஷனை இடித்துவிட்டு, நிற்காமல் வீட்டுக்கு வந்து படுத்தவன் நான். "ராத்திரி முழுக்க வீட்ல தூங்கிட்டு இருந்தான்" என்று போலீஸிடம் அம்மாவைச் சொல்ல வைத்தவனும் நான். அது பொய் என்று கோர்ட்டில் வெளியான அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். என்னைப் பார்க்க ஒரு தடவைகூட வரவில்லை. அவள் தன் போனை எடுத்து, எழுத்தெழுத்தாகத் தட்டி, வாரா வாரம் எனக்குச் செய்தி அனுப்புகிறாள் என்றால் இந்தச் சிரிப்பெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா?

தையல்காரர் மனைவியும் இனி செய்தி அனுப்புவார். விட்டுவிடாதே. அவருக்கு ஒரு கைக்குழந்தை. இன்னும் தூக்கிப் பார்த்ததில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மொட்டை


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம். கோபப்படாதே. நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை என் இடத்தில் புதுப் பெண் உட்கார்ந்தாள். தையல்காரர் மனைவியின் செய்தியை எப்படியாவது ஓட விடு என்று படுக்கையிலிருந்தே போனில் கெஞ்சினேன். விட்டாளாம். இப்போது தேவலை.

ஆபீஸில் ஒரே அமர்க்களம். தினம் ஒரு நாற்காலி காணாமல் போகிறது. டீ குடித்துவிட்டு வந்தால் உட்கார்ந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பளபளாவை ஒரு பெரிய வட்ட விளக்குக்கு முன்னால் நிறுத்தி, சின்னப் போனைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். பழக்கதோஷத்தில் அவள் பழைய கேமராவைப் பார்த்தே சிரிக்கிறாள். அதற்குப் பின்னால் ஆளே இல்லை. "மேடம், இங்க, இங்க" என்று கண்ணாடி விரலைச் சொடுக்குகிறார். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

அம்மா சுகம். முழங்காலில் கொஞ்சம் வலி, அவ்வளவுதான். நீ கேட்டதாகச் சொன்னேன்.

நிகழ்ச்சியில் சின்னச் சின்ன மாற்றங்கள் வரலாம். அதை நினைத்து மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 11

அக்கா,

நலம் எல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். இதற்கு முதலில் பதில் எழுது.

பாப்பாவுக்கு என்ன?

இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒரு மணி நேரமாகிவிட்டது. சரி. மத்தியானத்திலிருந்து காலைக்குப் போய்விட்டது. அதுவும் சரி, வார்டர் புண்ணியத்தில் பார்க்கிறோம். ஆனால் பாட்டுக்குப் பாட்டு "முழுசா பார்க்க ஆன்லைனுக்கு வாங்க" என்று ஒரு சிவப்புப் பெட்டி குதித்து வந்து கீழே உட்கார்ந்துகொள்கிறதே, யார் வேலை அது? உன் எழுத்து அதற்கு அடியில் போய் மாட்டிக்கொள்கிறது. போன வாரம் தையல்காரருக்கு வந்த செய்தியைப் படிக்க ஆரம்பித்தேன். "பாப்பாவுக்கு" என்று படித்தேன். பெட்டி வந்துவிட்டது. பெட்டி போனபோது யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மனுஷர் அன்றிலிருந்து உட்காரவில்லை. சுவருக்கும் கதவுக்கும் நடக்கிறார். "பாப்பாவுக்குக் காய்ச்சலா இருக்குமோ? பாப்பாவுக்கு ஆபரேஷனோ?" சாப்பாட்டுத் தட்டோடு நடக்கிறார். அவரைப் பார்த்துப் பார்த்து நானும் நடக்கிறேன். இந்த வாரமாவது தெரியும் என்று ஹால் முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்த வாரமும் பெட்டி.

உடனே எழுது. அந்தப் பெட்டிக்காரனை நான் கேட்டதாகச் சொல்.

மொட்டை


மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

பாப்பாவுக்குப் பல் முளைத்திருக்கிறது. கீழ்ப்பல், ஒன்று. அவ்வளவுதான்! ஓடிப்போய் முதலில் அவரிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

சொல்லிவிட்டாயா?

இனி மறைத்துப் பயன் இல்லை. ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. ஏப்ரல் கடைசியோடு நம் நிகழ்ச்சி டிவியில் இல்லை. இந்த ஒன்று மட்டுமல்ல, சானலின் பாட்டு நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் ஆன்லைனுக்குக் கொண்டுபோகிறார்கள். போன் இருக்கிறவர்கள் எந்த நேரமும் பார்க்கலாம். அங்கே ஸ்க்ரோலிங் கிடையாது. "கமெண்ட் தானா ஓடும், தட்டறதுக்கு ஒரு ஆள் எதுக்கு?" என்றார் கண்ணாடி. வேலை போயிற்று என்று நினைத்துப் பையை எடுத்துவிட்டேன். போகவில்லை. வருகிற கமெண்ட்டில் கெட்டதை அழிக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஹாலுக்குத்தான் ஒன்றும் இல்லை. இதைக் கண்ணாடியிடம் சொல்லியும் பார்த்தேன், "சார், போன் இல்லாதவங்களும் பாக்குறாங்க" என்று. "யாரு?" என்றார். யார் என்று சொல்வேன்? "சில பேர்" என்றேன். எழுதிக்கொள்வதுபோல் தலையாட்டினார். எழுதவில்லை.

மன்னித்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பல் முளைத்த செய்தியைக் கேட்டுத் தையல்காரர் கீழே உட்கார்ந்து அழுதார். அப்புறம் எல்லாருக்கும் ஒரு வேளை டீ அவர் செலவு.

டிவி விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தன் போய் வார்டரிடம், "சார், ஹாலுக்கு ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் குடுங்க, கூண்டுலயே வெச்சுக்கறோம்" என்றான். வார்டர் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. மற்றவர்கள் மனைவிமார் இனிக் கடிதம் எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் யாரையாவது பிடித்து எழுதச் சொல்வார்கள். சமாளித்துக்கொள்வோம்.

என் சமாச்சாரம் ஒன்றுதான். அம்மாவை ஒரு வரி எழுதச் சொல். உன் கடிதத்துக்கு அடியில், அவள் கையெழுத்தில். மன்னித்தேன் என்றெல்லாம் வேண்டாம். "கண்ணு" என்று மட்டும் எழுதினாலும் போதும். வாரா வாரம் போனில் தட்டுகிறவளுக்குப் பேனா பிடிப்பது கஷ்டமா?

இன்னொன்று. ஜூன் மாதம் குடும்பத்தார் உள்ளே வந்து கம்பியில்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஒரு நாள் விடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு பேர். பெயரை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். உன் பெயரைக் கொடுத்துவிடுவேன். அம்மா பெயரைக் கொடுக்கலாமா? கொடுத்துவிட்டு ஆள் வரவில்லையென்றால் அந்த நாற்காலியை எதிரில் காலியாகவே போட்டுவைப்பார்களாம். போன வருஷம் ஒருத்தனுக்கு அப்படி ஆயிற்று. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கேட்டு எழுது.

மொட்டை


மே 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் போட முடியவில்லை. இங்கே மூச்சு விட நேரமில்லை.

டிவியில் கடைசி நிகழ்ச்சி பார்த்திருப்பாய். பளபளா அழ வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அழுகை வராமல் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து, மை கரைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. கடைசி வரியில் உங்கள் ஹாலில் இருக்கிறவர்கள் பெயர் எல்லாவற்றையும் நீளமாக ஓட விட்டேன். கண்ணாடி எட்டிப் பார்த்து "யாருங்க இவங்கல்லாம்?" என்றார். "நம்ம நேயர்கள் சார்" என்றேன்.

மறுநாளே ஆன்லைன். எண்ணிக்கை பத்தாது என்று, வேலை செய்கிறவர்கள் வீட்டில் உள்ளவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. அம்மா போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கமெண்ட் மழை மாதிரி கொட்டுகிறது. ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் இருபது மேலே போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் எழுத்து ஓடுகிறது.

அம்மாவுக்குக் கையில் வலி. விரல் மடங்கவில்லை. பேனா பிடிக்க வராது என்கிறாள். சரியானதும் எழுதச் சொல்கிறேன்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


மே 12

அக்காவுக்கு,

நலம்.

அம்மாவுக்கு முன்பு முழங்கால் வலி என்றாய். இப்போது கைவலி. அடுத்த கடிதத்தில் தலைவலி வரும். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நீ காய்ச்சலில் படுத்த வாரம் தையல்காரர் மனைவியின் செய்தி வந்தது. எங்கள் ஹாலில் இருக்கும் சமையல்காரனின் அண்ணன் செய்தி வந்தது. அம்மா செய்தி வரவில்லை. உனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா போனுக்குமா காய்ச்சல்? நிகழ்ச்சி தொடங்கும்போது நாங்களே நாலைந்து எழுதிவிடுவோம் என்று ஜனவரியில் சிரித்துக்கொண்டே எழுதினாயே, அது ஞாபகம் வந்தது.

உன்மேல் கோபம் இல்லை. நீதான் எழுதுகிறாய் என்று தெரிந்த பிறகும் நான் அதைச் சத்தமாகத்தான் படித்தேன். படிக்கும்போது நன்றாக இருந்தது. அதனால்தான் கேட்காமல் விட்டேன். கையெழுத்து வேண்டும் என்று எழுதியது ஒரு நப்பாசை. ஒருவேளை, என் கணக்குத் தப்பாக இருந்தால்?

ஜூனுக்கு உன் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது இடம் காலி. மாதக் கடைசி வரை சேர்க்கலாமாம். சேர்க்கப்போவதில்லை.

நீ வா. அது போதும்.

மொட்டை


மே 19

தம்பி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆமாம். எல்லாம் நான் எழுதியதுதான். உன் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாள். உன் கடிதம் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகுமோ என்றுதான் ஆபீஸுக்குப் போடச் சொன்னேன். நீ சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று முதலில் எழுதினாயே, அந்த வாரம் ஒன்று போட்டேன். அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை.

இப்போது கேள். எல்லாம் கெட்டுப்போயிற்று.

போன சனிக்கிழமை ஆன்லைனில் தையல்காரர் மனைவி ஒரு கமெண்ட் போட்டார். "மொட்டை தம்பிக்கு அவங்க அம்மா வாரா வாரம் எழுதுவாங்களே, எங்க காணோம்? கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடுன்னு எழுதுவாங்க. என் வீட்டுக்காரர் லெட்டர்ல அதைத்தான் எழுதுவார். அந்தம்மா நல்லா இருக்காங்களா?" படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நல்லது வந்தால் பட்டனைத் தட்டித்தானே எனக்குப் பழக்கம்? கை தானாகத் தட்டிவிட்டது. டிவியில் தட்டினால் ஓடிப் போய்விடும். இங்கே தட்டினால் எல்லாவற்றுக்கும் மேலே போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிகழ்ச்சி முடியும்வரை நின்றது. நான் கவனிக்கவே இல்லை. கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போனபோது போனை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள். "என் பேர்ல வேற என்னெல்லாம் எழுதுன? ஒண்ணு விடாம சொல்லு" என்றாள். சொன்னேன். உன் கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். படித்தாள். எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டாள். அன்றிலிருந்து என்னோடும் பேச்சு இல்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள். இப்போது நீயும் நானும் ஒரே கட்சி.

நான் கட்டாயம் வருவேன். அம்மாவைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சொன்னால் நீ நம்பவும் வேண்டாம்.

அக்கா


மே 24

டேய்,

நலமான்னு கேட்டுத்தான் லெட்டரை ஆரம்பிக்கணுமாம். அதை அப்புறம் கேக்கறேன்.

கண்ணுன்னு உன்னை நான் என்னைக்குடா கூப்பிட்டேன்? பொறந்ததுலேர்ந்து டேய்தான். உன் அக்காவுக்கு அது கூடத் தெரியல. நேரத்துக்குச் சாப்பிடுன்னு நான் எதுக்குச் சொல்லணும்? மணி அடிச்சு சோறு போடற இடத்துலதானே இருக்கே.

அன்னைக்கு நீ சொன்னதை நம்பித்தான் போலீஸ்கிட்ட அப்படிச் சொன்னேன். கோர்ட்ல அந்த வக்கீல் "ஏம்மா பொய் சொன்னீங்க"ன்னு கேட்டப்போ மொத்த பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. உன்னைப் பாக்கல. என்னைப் பாத்தாங்க. அது ஆறல. இப்போ பாத்தா உன் அக்காவும் என் பேர்ல அங்க என்னென்னமோ ஓட விட்டிருக்கா. ரெண்டு பேரும் என் வாயை வாடகைக்கு எடுத்துக்கிட்டீங்களா?

நான் பேசியிருந்தா என்ன கேட்டிருப்பேன் தெரியுமா? நீ இடிச்ச அந்த மனுஷன் எப்படி இருக்கார்னு கேக்கத் தோணுச்சாடா உனக்குன்னு கேட்டிருப்பேன். இத்தனை லெட்டர்ல பாப்பா பல்லு இருக்கு, டிவி பெட்டி இருக்கு, அவர் எங்கயும் இல்ல. நான் போய்ப் பாத்துட்டுதான் இருக்கேன். உன் அக்காவுக்குத் தெரியாது. ஊன்றுகோலை வெச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வரார். முதல் தடவை கதவைச் சாத்திட்டாங்க. இப்போ உக்காரச் சொல்றாங்க. போன வாரம் அவரே "உங்க பையன் எப்படி இருக்கான்"னு கேட்டார். தெரியாதுன்னேன். வெளிய வந்து ரொம்ப நேரம் பஸ்ஸுல ஏறாம நின்னேன்.

அதனால இப்போ கேக்கறேன். எப்படி இருக்கே? அந்த இருமல் மறுபடி வரலியே?

காலியா இருக்கற இடத்துல என் பேரைப் போடு. நாற்காலி காலியா கிடக்காது, வரேன். கொஞ்சறதுக்கு வரேன்னு நினைக்காதே. திட்டணும். எழுதினா பாதிதான் வருது.

இனிமே லெட்டரை வீட்டுக்கே போடு. எனக்குக் கையும் வலிக்கல, காலும் வலிக்கல.

இது நானே எழுதினது. கையெழுத்தைப் பாத்துக்கோ. ஹால்ல சத்தமா படிக்காதே.

அம்மா